போன் அடிக்கும்வரை காத்திருப்பவர்: பேஸ்பாலின் ரிலீஃப் பிட்சர்

பேஸ்பால் மைதானத்தின் ஓரத்தில், பெரும்பாலும் வேலிக்குப் பின்னால், புல்பென் என்று ஓர் அடைப்பு இருக்கும். ஏழெட்டுப் பேர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தபடி, தங்கள் அணி ஆடுவதைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுவரில் ஒரு போன் தொங்கும். அது அடித்தால் பேச்சு நின்றுவிடும். மறுமுனையில் ஒரு பெயர் சொல்லப்படும். அந்தப் பெயருக்கு உரியவர் எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டு, பந்தை எறிந்து எறிந்து தோளைச் சூடாக்கத் தொடங்குவார். இவர்தான் ரிலீஃப் பிட்சர். சுருக்கமாக ரிலீவர்.

இந்த வேலையின் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. பேஸ்பாலே பார்க்காதவருக்கும் இது புரிய வேண்டும் என்பதால் அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். கிரிக்கெட் தெரிந்தால் போதும்.

பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரு அணிகளும் ஒருமுறை பேட் செய்யும். மூன்று பேர் அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடிந்தது. ஆக, முழு ஆட்டத்தில் எதிரணியின் 27 அவுட்களை எடுக்க வேண்டும். பந்தை எறிபவர் பிட்சர். மைதானத்தின் நடுவே இருக்கும் சிறு மண்மேட்டில் நின்று, 60 அடி 6 அங்குலத் தொலைவில் நிற்கும் பேட்டருக்கு அவர் எறிகிறார். பந்து தரையில் குத்தி வராது, நேராகக் காற்றிலேயே போகும். ஓட்டம் இல்லாமல் நின்ற இடத்திலிருந்து எறிவதால் தோளும் முழங்கையும் படும் பாடு கொஞ்சமல்ல.

கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் ஒரு ஓவர் போட்டுவிட்டு ஓய்வெடுப்பார், பிறகு திரும்பி வருவார். பேஸ்பாலில் அப்படிக் கிடையாது. மேட்டில் ஏறியவர், மாற்றும்வரை அவரே எறிய வேண்டும். ஆட்டத்திலிருந்து ஒருமுறை வெளியே போனவர் அன்றைக்குத் திரும்பி வரவே முடியாது. ரிலீவர் என்ற வேலை முழுக்க முழுக்க இந்த ஒரு விதியிலிருந்து பிறந்தது. அணியின் தலைமைப் பயிற்சியாளரான மேனேஜர் டக்அவுட்டிலிருந்து நடந்து மேட்டுக்கு வந்து கையை நீட்டி, பிட்சரிடமிருந்து பந்தை வாங்கிக்கொள்வார். அதற்கு மேல் பேச்சு வேண்டாம். பந்தைக் கொடுத்தவருக்கு அன்றைய வேலை முடிந்தது. புல்பென் கதவு திறக்கும், அடுத்தவர் வருவார்.

ஆட்டத்தைத் தொடங்குபவரை ஸ்டார்ட்டர் என்பார்கள். ஒரு அணியில் பொதுவாக ஐந்து ஸ்டார்ட்டர்கள், ஆளுக்கு ஐந்து நாளைக்கு ஒருமுறை என்று சுற்றுவார்கள். நூறு பந்துகளை நெருங்கும்போது கை தளரும். அதைவிட முக்கியமாக, ஒரே பேட்டர் மூன்றாவது முறை எதிரே வரும்போது அவருக்கு இந்தப் பிட்சரின் பந்துகள் பழகிப்போயிருக்கும். அதனால் இப்போதெல்லாம் ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸோடு ஸ்டார்ட்டரை எடுத்துவிடுகிறார்கள். மிச்ச அவுட்கள் புல்பென் பொறுப்பு.

ஆரம்பத்தில் இது மதிப்பான வேலையாக இல்லை. தொடங்கியவரே முடிப்பதுதான் ஆண்மை என்று நினைத்த காலம் அது. தொடங்கத் தகுதியில்லாதவர்கள்தான் புல்பென்னில் உட்கார வைக்கப்பட்டார்கள். 1920களில் வாஷிங்டன் அணி ஃபிர்போ மார்பெரியை முக்கியமாகக் கடைசிக் கட்டத்துக்கென்றே பயன்படுத்தியது, அது அன்றைக்குப் புதுமை. ஹாய்ட் வில்ஹெல்ம் 1952இல் நியூயார்க் ஜயன்ட்ஸுக்காக, பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் முதல்முறை ஆடியபோது அவருக்கு வயது 29. இரண்டாம் உலகப்போரில் காயம்பட்டுத் திரும்பியவர். சுழலாமல் தள்ளாடிக்கொண்டு வரும் நக்கிள்பால் என்ற மெதுவான பந்துதான் அவருடைய ஆயுதம். அந்தப் பந்து கையை அதிகம் வருத்தாது என்பதால் ஐம்பது வயதைத் தொடும்வரை ஆடினார். (முதல்முறை பேட் பிடித்தபோதே ஹோம் ரன், அதாவது கிரிக்கெட் சிக்ஸர் போல வேலியைத் தாண்டும் அடி, அடித்தவர், அதன் பிறகு வாழ்நாளில் இன்னொன்று அடிக்கவே இல்லை.) 1985இல் அவரை, பேஸ்பால் மேதைகளின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். ரிலீவராகப் பேர் வாங்கி அங்கே நுழைந்த முதல் ஆள் அவர்தான்.

சரி, இந்த வேலைக்கு ஒருவர் எப்படி வருகிறார்? பெரும்பாலும் வேறொன்றாக ஆக முயன்று, அது நடக்காமல்போய்த்தான் வருகிறார். பள்ளிக்கூடத்து மைதானத்தில் நின்று "நான் ஏழாவது இன்னிங்ஸில் வரப்போகிறேன்" என்று கனவு காணும் பையன் அபூர்வம். மரியானோ ரிவேரா, ட்ரெவர் ஹாஃப்மன் இருவரின் கதையையும் சேர்த்துச் சொன்னால் இது விளங்கும்.

ரிவேரா 1969இல் பனாமாவில் பிறந்தார். புவெர்ட்டோ கைமிட்டோ என்ற மீனவக் கிராமத்தில் வளர்ந்தார். அப்பா மீன்பிடிப் படகோட்டி, மகனும் படகில் வேலை செய்திருக்கிறார். பால் அட்டைப்பெட்டியை மடித்துக் கையுறையாக்கிக்கொண்டு விளையாடிய பையன். உள்ளூர் அணியில் ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டிங் இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவர், ஒருநாள் தங்கள் பிட்சர் சரியாக எறியாததால் தானே முன்வந்து எறிந்தார். 1990இல் நியூயார்க் யாங்கீஸ் அணி சில ஆயிரம் டாலர் கொடுத்து அவரை ஒப்பந்தம் செய்தது. 1992இல் முழங்கையில் அறுவைசிகிச்சை. அதே ஆண்டின் இறுதியில் ஃப்ளோரிடாவிலும் கொலராடோவிலும் இரண்டு புதிய அணிகள் உருவாகின. பழைய அணிகள் பாதுகாக்காமல் விட்ட வீரர்களை அவை எடுத்துக்கொள்ளலாம். யாங்கீஸ் ரிவேராவைப் பாதுகாக்கவில்லை. இரண்டு புதிய அணிகளும் அவரைத் தொடவில்லை.

ஹாஃப்மனும் ஷார்ட்ஸ்டாப்தான். 1989இல் சின்சினாட்டி அணி அவரை எடுத்தது அந்த இடத்துக்காகத்தான். பேட்டிங் வரவில்லை, ஆனால் கை பலமானது. 1991இல் பிட்சராக மாற்றினார்கள். ரிவேராவை யாரும் சீண்டாத அந்த 1992 தேர்வில் ஃப்ளோரிடா ஹாஃப்மனை எடுத்துக்கொண்டது. பின்னாளில் பேஸ்பால் வரலாற்றின் சேவ் பட்டியலில் (அணியின் முன்னிலையைக் கடைசிவரை காத்து முடித்த ஆட்டங்களின் கணக்கு, விதி பின்னால் வரும்) முதல் இரண்டு இடத்துக்கும் வந்தவர்கள் இந்த இருவரே: ரிவேரா 652, ஹாஃப்மன் 601. அன்றைக்கு யாருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை.

ரிவேரா 1995 மே 23 அன்று ஸ்டார்ட்டராகத்தான் மேஜர் லீகில் அறிமுகமானார். நான்காவது இன்னிங்ஸை முடிக்கக்கூட முடியவில்லை, ஐந்து ரன் கொடுத்தார், அணி 10-0 என்று தோற்றது. அந்த ஆண்டு அவர் தொடங்கியது பத்து ஆட்டங்கள். அவ்வளவுதான், வாழ்நாளில் பிறகு தொடங்கவே இல்லை. 1996இல் புல்பென்னுக்கு அனுப்பினார்கள். ஜான் வெட்டலண்ட் கடைசி இன்னிங்ஸை எறிய, அவருக்கு முந்தைய இன்னிங்ஸ்களை ரிவேரா எறிந்தார். மொத்தம் 107க்கும் மேற்பட்ட இன்னிங்ஸ்களில் 130 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், அதாவது பந்தை அடித்து ஆடவிடாமலே அவுட் ஆக்கினார். அடுத்த ஆண்டு வெட்டலண்ட் வேறு அணிக்குப் போக, அந்த இடம் ரிவேராவுக்கு வந்தது.

ஸ்டார்ட்டராகச் சரிப்படாதவர் ரிலீவராக எப்படி ஜொலிக்கிறார்? ஸ்டார்ட்டர் ஒரே பேட்டரை இரண்டு மூன்று முறை ஏமாற்ற வேண்டும், அதற்கு மூன்று நான்கு வகைப் பந்துகள் தேவை. ரிலீவர் ஒரு பேட்டரைப் பெரும்பாலும் ஒரு முறைதான் பார்க்கிறார். இரண்டு வகைப் பந்து கைவசம் இருந்தால் போதும். ஆறு இன்னிங்ஸுக்குச் சக்தியைச் சேமிக்கும் கவலையும் இல்லை, இருக்கும் வேகத்தையெல்லாம் இருபது பந்துக்குள் கொட்டிவிடலாம். சின்சினாட்டியின் ரிலீவர் அரோல்டிஸ் சாப்மன் 2010இல் மணிக்கு 105 மைல் வேகத்தில், அதாவது 169 கிலோமீட்டரில், எறிந்ததைக் கேட்டிருப்பீர்கள். ரிவேராவுக்கோ ஒரே பந்துதான். 1997இல் ராமிரோ மெண்டோசாவுடன் பந்து எறிந்து பழகிக்கொண்டிருந்தபோது, தன் வேகப்பந்து கடைசி நேரத்தில் தானாகவே பக்கவாட்டில் நழுவுவதைக் கவனித்தார். கட்டர் என்று அதற்குப் பெயர். இடதுகை பேட்டரின் பிடியை நோக்கி வளைந்து உள்ளே வரும், பேட்டின் மெலிந்த பகுதியில் பட்டு மட்டையே முறியும். என்ன வரப்போகிறது என்பது எதிரே நிற்பவருக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் பதினேழு வருடம் அடிக்க முடியவில்லை.

பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சராக இருந்து மாறியவர்களும் உண்டு. குராசாவ் தீவைச் சேர்ந்த கென்லி ஜான்சன், நாடுகள் மோதும் உலக பேஸ்பால் கிளாசிக்கில் 2009இல் நெதர்லாந்து அணிக்குக் கேட்சராக ஆடினார். அதே ஆண்டு பிட்சராக்கினார்கள், அடுத்த ஆண்டே மேஜர் லீகுக்கு வந்துவிட்டார். இந்தியத் தொடர்பு ஒன்றும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் 2008இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் வேகமாக எறிந்து தேர்வாகி, பிட்ஸ்பர்க் பைரேட்ஸுடன் ஒப்பந்தமானார்கள். அடுத்த ஆண்டு, மேஜர் லீகுக்குக் கீழே உள்ள மைனர் லீகின் அடிமட்டத்தில் ரிலீவர்களாக எறிந்தார்கள். மேஜர் லீக் வரை இருவராலும் போக முடியவில்லை. ஆனாலும் பேஸ்பாலே பார்த்திராத இருவர் ஓராண்டுக்குள் தொழில்முறை ஆட்டத்தில் எறிந்தது லேசான காரியம் இல்லை.

புல்பென்னுக்குள்ளும் மேல் கீழ் உண்டு. ஆட்டம் கைவிட்டுப் போனபின், நல்ல கைகளை வீணாக்க வேண்டாமே என்று அனுப்பப்படுபவர் கடைசிப் படி. ஸ்டார்ட்டர் இரண்டாவது இன்னிங்ஸிலேயே சரிந்துவிட்டால் வந்து நாலைந்து இன்னிங்ஸ் தாங்குபவர் லாங் ரிலீவர். ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸை எறிபவர் செட்டப். ஒன்பதாவதை முடித்துவைப்பவர் குளோசர், பெயரும் பணமும் அவருக்கே அதிகம்.

குளோசரின் கணக்குதான் சேவ். சிகாகோவின் விளையாட்டுச் செய்தியாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் இதை யோசித்தார், 1969இல் அதிகாரபூர்வப் புள்ளியானது. இன்றைய விதி ஏறக்குறைய இப்படி: ஜெயித்த அணியின் கடைசிப் பிட்சராக இருக்க வேண்டும், வெற்றி அவர் பெயரில் பதிவாகியிருக்கக் கூடாது (ஒவ்வொரு வெற்றியும் ஒரு பிட்சரின் பெயரில் பதிவாகும்), அவர் வரும்போது முன்னிலை மூன்று ரன்னுக்கு மேல் இருக்கக் கூடாது, ஒரு முழு இன்னிங்ஸாவது எறிய வேண்டும். சமன் செய்யும் ரன்னை எடுக்கக்கூடியவர் பேஸிலோ பேட்டிங்கிலோ அடுத்த பேட்டராகவோ நிற்கும்போது வந்தால் ஒரே அவுட் எடுத்தாலும் சேவ்தான். மூன்று இன்னிங்ஸ் எறிந்து முடித்தாலும் உண்டு.

ரிலீவர்களுக்கு மதிப்பு வாங்கிக் கொடுத்தது இந்த எண்தான். ஆனால் அதுவே மேனேஜர்களின் கையைக் கட்டியும் போட்டது என்பது என் கருத்து. 2016இல் பால்டிமோர் அணியின் ஸாக் பிரிட்டன் 47 சேவ் வாய்ப்பில் 47ஐயும் முடித்திருந்தார். அந்த அக்டோபரில் டொரண்டோவில் தோற்றால் வெளியே என்ற ஆட்டம். சமநிலையில் பதினோராவது இன்னிங்ஸ் வரை போனது. முன்னிலை கிடைத்ததும் பயன்படுத்தலாம் என்று பிரிட்டனை உட்கார வைத்திருந்தார் மேனேஜர். வேறொரு பிட்சர் எறிய, எட்வின் என்கார்னாசியோன் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். சீசன் முடிந்தது. அந்த ஆண்டின் ஆகச்சிறந்த ரிலீவர் அன்று ஒரு பந்துகூட எறியவில்லை. சேவ் என்ற கணக்கே இல்லாதிருந்தால் அவர் இரண்டு இன்னிங்ஸ் முன்னதாகவே வந்திருப்பார்.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும், ரிலீவரின் அருமையும் வலியும் இரண்டுமே அதில் இருக்கின்றன. பிட்சர்களை ஈஆர்ஏ என்ற எண்ணால் அளப்பார்கள்: ஃபீல்டிங் பிழையால் வந்த ரன்களை நீக்கிவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்பது. ஒரு பிட்சர் மூன்று பேரை பேஸில், அதாவது ரன் எடுக்க ஓடும் வழியிலுள்ள நிறுத்தங்களில், ஏற்றிவிட்டுப் போகிறார், ஒருவர்கூட அவுட் இல்லை. அடுத்து நம் ஆள் வருகிறார். அந்த மூவரும் ரன் எடுத்தால் அது முன்னவர் கணக்கில் போகும். நம் ஆள் அந்த மூவரையும் அங்கேயே நிறுத்திவிட்டு மூன்று அவுட் எடுத்தால் ஆட்டமே காப்பாற்றப்பட்டிருக்கும், ஆனால் அவருடைய ஈஆர்ஏவில் சாதாரண ஒரு இன்னிங்ஸ் எறிந்ததாகத்தான் தெரியும். சொதப்பினாலும் மறைந்துபோகும், சாதித்தாலும் மறைந்துபோகும்.

புல்பென்னில் செய்யும் வேலை எந்தக் கணக்கிலும் வராது. போன் அடிக்கிறது, எழுந்து இருபது பந்து எறிகிறார். ஆட்டம் அதற்குள் சரியாகிவிட்டது, உட்காரச் சொல்கிறார்கள். அரை மணி நேரத்தில் மறுபடி போன், மறுபடி இருபது. கடைசியில் அழைக்கவே இல்லை. பதிவேட்டில் அன்று அவர் ஆடவில்லை. தோளுக்கு மட்டும் தெரியும். 162 ஆட்டங்கள் கொண்ட சீசனில் ஒரு ரிலீவர் அறுபது எழுபது ஆட்டங்களில் எறிவார் என்றால், எழுந்து சூடேற்றிய நாட்களின் எண்ணிக்கை அதைவிட அதிகம்.

இதெல்லாம் இடம் நிலைத்தவர்களின் பாடு. நிலைக்காதவர்களின் வாழ்க்கை இன்னும் கடினம். மேஜர் லீக் அணியில் 26 பேர், அதில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் கூடாது. ஐந்து ஸ்டார்ட்டர்கள் போக மிச்சம் எட்டு. ஒரு இரவு ஆட்டம் நீண்டு எல்லோரும் களைத்துவிட்டால் மறுநாள் புதிய கை வேண்டும். அப்போது இளம் ரிலீவர் ஒருவரை மைனர் லீகுக்கு அனுப்பி, அங்கிருந்து ஓய்வாக இருக்கும் ஒருவரைக் கூட்டி வருவார்கள். முந்தைய இரவு மூன்று இன்னிங்ஸ் பிரமாதமாக எறிந்தவராகவே அவர் இருக்கக்கூடும். நன்றாக எறிந்ததால்தான் இரண்டு நாளைக்கு அவரால் எறிய முடியாது, அதனாலேயே பெட்டியைக் கட்டுகிறார். இப்படி அனுப்பும் உரிமையை ஆப்ஷன் என்பார்கள், ஒரு வீரருக்கு மூன்று சீசன்கள். 2022 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரே சீசனில் ஐந்து முறைக்கு மேல் அனுப்ப முடியாது. ஐந்து என்பதே ஒரு சீர்திருத்தம் என்றால் முன்பு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

பணமும் அப்படித்தான் கூடும், குறையும். 2025இல் மேஜர் லீகின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,60,000 டாலர். அது மேலே இருக்கும் நாட்களுக்கு மட்டும் கணக்கிடப்படும், நாளுக்கு ஏறக்குறைய 4,000 டாலர். கீழே போனால் கிடைப்பது அதில் சிறு பகுதி. 43 நாள் மேலே இருந்தால் சிறிய ஓய்வூதியத்துக்குத் தகுதி வரும். மூன்று வருடம் சேர்ந்தால் சம்பளத்துக்கு வாதாடலாம், ஆறு வருடம் ஆனால் விரும்பிய அணியோடு பேசலாம். பெரும்பாலான ரிலீவர்கள் ஆறு வருடத்தை எட்டுவதே இல்லை. எட்டியவர்களில் உச்சம் எட்வின் டியாஸ்: 2022 இறுதியில் நியூயார்க் மெட்ஸ் ஐந்து வருடத்துக்கு 10.2 கோடி டாலர் கொடுத்தது. ரிலீவர் ஒருவர் பத்துக் கோடியைத் தாண்டியது அதுதான் முதல்முறை. சில மாதங்களில், உலக பேஸ்பால் கிளாசிக்கில் புவெர்ட்டோ ரிக்கோ ஜெயித்ததைக் கொண்டாடிக் குதித்தபோது முழங்கால் நார் அறுந்து, 2023 முழுவதும் அவரால் ஆட முடியவில்லை.

பிட்சர்கள் அதிகம் பயப்படுவது முழங்காலுக்கு அல்ல, முழங்கையின் உட்புறத் தசைநாருக்கு. அது கிழிந்தால் ஒரு காலத்தில் ஆட்ட வாழ்க்கை முடிந்தது. 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சரின் உடலில் வேறு இடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து முழங்கையில் பொருத்தினார். ஜான் 1976இல் திரும்பி வந்து 1989 வரை எறிந்தார். அந்த அறுவைசிகிச்சைக்கே அவர் பெயர்தான். திரும்ப வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், எல்லோரும் பழைய ஆளாகத் திரும்புவதும் இல்லை.

உடம்பைவிட மனசுதான் முதலில் தேற வேண்டும். ஸ்டார்ட்டர் ஒருநாள் சொதப்பினால் அடுத்த வாய்ப்புக்கு ஐந்து நாள் இருக்கிறது. குளோசர் மறுநாள் இரவே அதே மேட்டில் நிற்க வேண்டியிருக்கும். டென்னிஸ் எக்கர்ஸ்லி முதலில் நல்ல ஸ்டார்ட்டர். 1977இல் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட, அதாவது அடித்து பேஸை எட்டும் ஒரு அடிகூட, கொடுக்காமல் ஒரு ஆட்டத்தை முடித்தவர். குடிப்பழக்கத்தில் விழுந்து, 1987இன் தொடக்கத்தில் சிகிச்சைக்குப் போய் மீண்டு வந்தார். அந்த ஆண்டே ஓக்லண்டில் மேனேஜர் டோனி லருசா அவரைப் புல்பென்னுக்கு மாற்றினார். கடைசி ஒரே ஒரு இன்னிங்ஸுக்கு என்றே ஒரு குளோசர் என்ற இன்றைய வழக்கம் பரவியது அவர்களால்தான். மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 1988இன் முதல் ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், ஒரு ரன் முன்னிலை. இரண்டு காலிலும் காயத்தோடு நொண்டிக்கொண்டு வந்த கிர்க் கிப்சன் ஹோம் ரன் அடித்துவிட்டார். அந்தக் காட்சியை இன்றுவரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். எக்கர்ஸ்லி அடுத்த ஆண்டு உலகத் தொடரை வென்றார். 1992இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையும் லீகின் மதிப்புமிக்க வீரர் விருதையும் சேர்த்தே வாங்கினார்.

ரிவேராவுக்கும் அப்படி நாட்கள் உண்டு. குளோசரான முதல் வருடமே, 1997 பிளேஆஃபில், சாண்டி அலோமர் அடித்த ஹோம் ரன்னால் முன்னிலை போய், யாங்கீஸ் வெளியேறியது. 2001 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸிலேயே ஒரு ரன் முன்னிலையைக் காக்க வந்து, ஒன்பதாவதில் தானே பந்தைத் தவறாக எறிந்து, கடைசியில் லூயிஸ் கொன்சாலஸின் மெல்லிய அடியில் கோப்பையையே இழந்தார். ஆனால் பிளேஆஃப் ஆட்டங்களில் 141 இன்னிங்ஸ் எறிந்த அவருடைய ஈஆர்ஏ 0.70. ஐந்து உலகத் தொடர்களை வென்றார். 2012 மே மாதம் பயிற்சியின்போது பந்தைப் பிடிக்க ஓடி முழங்கால் நார் அறுந்தது, வயது 42. இதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைக்க, அடுத்த ஆண்டு திரும்பி வந்து 44 சேவ் எடுத்தார். 2019இல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு வாக்களித்த 425 பேரும் அவர் பெயரை எழுதினார்கள். ஒருவர்கூட விடாமல் எழுதியது அதற்கு முன் யாருக்கும் நடந்ததில்லை.

பெரிய பெயர் இல்லாமலே நீண்ட காலம் நின்றவர்களையும் சொல்ல வேண்டும். இடதுகைக்காரர் ஜெஸ்ஸி ஒராஸ்கோ 1,252 ஆட்டங்களில் எறிந்தார், எந்தப் பிட்சரும் அத்தனை ஆட்டங்களில் எறிந்ததில்லை. கடைசி வருடங்களில் ஒன்றிரண்டு இடதுகை பேட்டர்களை அவுட் ஆக்குவதற்கென்றே வருவார், போய்விடுவார். அப்படியே 46 வயது வரை ஆடினார். 2020இல் ஒரு புது விதி வந்தது: இன்னிங்ஸ் முடிந்தாலோ காயம்பட்டாலோ தவிர, வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்கு எறிந்தே ஆக வேண்டும். ஆட்டம் வேகமாக நகரட்டும் என்பது நோக்கம். அந்த ஒரு வரியில் ஒராஸ்கோ செய்த வேலையே இல்லாமல் போயிற்று.

ரிவேராவின் கடைசி வருகை 2013 செப்டம்பர் 26 அன்று யாங்கீ மைதானத்தில் நடந்தது. அணி அன்று தோற்றுக்கொண்டிருந்தது, காப்பாற்ற முன்னிலை எதுவும் இல்லை, சேவ் கணக்குக்கும் இடமில்லை. எட்டாவது இன்னிங்ஸில் வந்து நான்கு பேரை வரிசையாக அவுட் ஆக்கினார். ஒன்பதாவதில் இரண்டு அவுட் ஆனதும் அவரை எடுக்க ஆள் வந்தது. ஆனால் டக்அவுட்டிலிருந்து மேட்டை நோக்கி நடந்து வந்தவர் மேனேஜர் அல்ல. இளம் வயதிலிருந்து கூடவே ஆடிய ஆண்டி பெட்டிட்டும் டெரெக் ஜீட்டரும் வந்தார்கள். பெட்டிட் கையை நீட்டினார். ரிவேரா பந்தைக் கொடுத்துவிட்டு அவர் தோளில் சாய்ந்து அழுதார். ஆட்டம் முடிந்தபின் டக்அவுட்டில் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து மேட்டுக்கு நடந்துபோய், குனிந்து ஒரு கை மண் எடுத்துக்கொண்டார்.